நல்லெண்ணெய்க் குழு

மூட்டை வந்த அன்று கச்சான் அடித்தது.
அரக்கு, கோர்ட் முத்திரை, சாக்குத் துணி.
கூடவே மகஜர் நகல்:
"வேதாளைக் கடற்கரை, கருவைக்காட்டு ஓரம்,
கேட்பாரற்றுக் கிடந்தது."
ஏற்ற வந்த படகைக் காணோம்,
இறக்கிய ஆட்களையும் காணோம்.
இருநூறு கிராம் எங்களுக்கு.
மீதி எரிக்கப் போனது.

பிரித்தால் உள்ளே ஈரம்.
கடல் அதைக் கொஞ்சம் ருசி பார்த்திருந்தது.
உப்புப் போகக் கழுவி, உலர்த்தி,
ஆல்கஹாலில் ஊறப்போட்டு
பிசின்போல் இறங்கிய பச்சைக் கறுப்பை
நல்லெண்ணெயில் கரைத்தோம்.

எலிகள் இருபத்து நான்கு, கூண்டுக்கு ஆறு.
பெயர் கிடையாது, மஞ்சள் சாயம் உண்டு:
தலையில் ஒன்றுக்கு, முதுகில் ஒன்றுக்கு, வாலில் ஒன்றுக்கு,
தலையும் முதுகும், தலையும் வாலும்.
ஆறாவதுக்கு எதுவும் இல்லை.
இல்லாததும் ஓர் அடையாளம்தான், பதிவேட்டில்.

அனுமதிப் படிவத்தில் ஒரு கேள்வி.
வலி: இல்லை / மிதமாக / கடுமையாக.
மிதமாக என்பதில் டிக் அடித்தது நான்.
பேனாவும் மிதமாகத்தான் அழுந்தியது.

குறைந்த அளவு கொடுத்தவை தின்றன, தூங்கின.
நடு அளவுக்குக் கால் பின்னியது;
சுழலும் உருளையிலிருந்து
ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்தன.
அதிக அளவில் உடம்புச் சூடு
முப்பத்தேழிலிருந்து முப்பத்திரண்டுக்கு.
வெளியே மண்டபம் வெயிலில் கொதித்துக் கிடக்க
உள்ளே ஆறு எலிகள் குளிரில்.

அடுத்தது கம்பிச் சோதனை.
முன்னங்கால் இரண்டையும் தூக்கிக் கம்பிமேல் வைக்கவேண்டும்,
இறங்க எத்தனை வினாடி என்று பார்க்கவேண்டும்.
எண்ணெய் மட்டும் குடித்தவை
வைத்ததும் இறங்கிவிடும்,
என் கையுறையை ஒருதரம் முகர்ந்துவிட்டு.

அதிக அளவுக் கூண்டில் சாயமில்லாதது
வைத்த இடத்திலேயே நின்றது.
டிக்கெட் கவுன்டரில் தன் முறை வந்தும்
போகவேண்டிய ஊரை மறந்துபோன ஆள் மாதிரி.
முந்நூறு வினாடிக்குமேல் எண்ணக் கூடாது.
விதி.
நானே எடுத்து இறக்கிவிட்டேன்.
முந்நூறு என்று எழுதினேன்.
விட்டிருந்தால் எவ்வளவு நேரம் நின்றிருக்கும் என்பதற்கு
அட்டவணையில் கட்டம் இல்லை.

கூண்டு கழுவும் சந்தியாகு எட்டிப் பார்த்தார்.
"எங்க படகுத்துறையில ரெண்டு பயலுக
இப்படித்தான் நிக்கிறாய்ங்க.
அவய்ங்களுக்கு யாரு வாட்ச் புடிச்சா?"
வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.
மின்சாரம் போய், ஜெனரேட்டர் உறுமி, திரும்ப வந்தது.

பதினைந்தாம் நாள்.
அதிக அளவில் ஒன்று முந்தின இரவே
மரத்தூளுக்குள் முகம் புதைத்துப் போயிருந்தது.
மற்றவற்றுக்கு வாயு.
ஈரல் எடை. சிறுநீரகம். மூளை, ஃபார்மலின் குப்பியில்.

கடைசியில் நல்லெண்ணெய்க் குழு.
மயிர் பளபளத்து, எடை கூடி,
தீபாவளிக் காலையில் தலைமுழுகியது போல.
இவற்றின் ஈரலும் தேவை.
கெட்டது எவ்வளவு கெட்டது என்று சொல்ல
கெடாதது ஒன்று மேஜைமேல் இருக்கவேண்டும்.
சந்தியாகு கூண்டைக் கொண்டுவந்து வைத்தார்.
இதுக என்ன செஞ்சிச்சு என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பதில் தயாராக இருந்தது:
ஒப்பீடு.

சோப்பு போட்டு மூன்று முறை கழுவியும்
நகத்தடியில் எள் மணம்.
ஆறேகால் பஸ், நிற்கத்தான் இடம்.
கம்பியில் என் இரண்டு கைகள்.
சாலையோரக் கருவைக்குப் பின்னால்
கடல் வருவதும் மறைவதுமாக இருந்தது.
கண்டக்டர் மூன்றாம் தடவை கேட்டபிறகுதான்
உச்சிப்புளி என்றேன்.